அய்யா வைத்த வயர்லெஸ்

பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லித்தான் வீரலட்சுமி மண்டபத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து இறங்கினாள். அந்தப் பத்து நாள் இப்போது மூன்றாவது மாதத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

வந்த காரணம் தெரு முழுக்கத் தெரியும். புருஷன் மாரீஸ்வரன் குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், பேசவும் மாட்டான். பரமக்குடியில் பதினோரு வருடக் குடித்தனத்தில் அவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் தன் அக்கா முத்துராக்குவிடம்தான் சொல்லுவான். அக்கா வழியாக அது வீரலட்சுமிக்கு வந்து சேரும். குழந்தை இல்லையென்று டாக்டரிடம் போனபோதுகூட, புருஷனும் பெண்டாட்டியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, உள்ளே போய்ப் பேசியது அக்காதான்.

ஒருநாள் குழம்பில் உப்பு குறைச்சல் என்ற சேதி, அடுத்த தெருவிலிருந்த அக்கா வீட்டிலிருந்து போனில் வந்தது. குழம்பைச் சாப்பிட்டவன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான், கையில் போனை வைத்துக்கொண்டு. அன்றைக்குப் பையை எடுத்தவள்தான்.

மண்டபத்துக்கு வந்த இரண்டாவது வாரமே நண்டுக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. சம்பளத்தில் முப்பத்திரண்டு இஞ்ச் டிவி ஒன்று வாங்கினாள். பன்னிரண்டு நாளாக அது அவள் தங்கிய மாடி அறையில் அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

கீழே ஹாலில் டிவி இல்லாமல் இல்லை. ஆனால் அது அண்ணன் டிவி. அண்ணன் செய்தி பார்க்கும்போது மற்றவர்களும் பார்க்கலாம். செய்திக்கு அவர் பதில் சொல்லும்போது அதையும் கேட்டுக்கொள்ளலாம்.

மாடிக்குத் தனியாகக் கேபிள் இழுக்க வேண்டுமானால் சுவரில் துளை போட வேண்டும். ஜன்னல் வழியாக விட்டால், காற்றடிக்கிற மாதங்களில் ஜன்னலை மூட முடியாது. அறை முழுக்க மணல் வந்து உட்கார்ந்துகொள்ளும். துளை போடவோ அண்ணன் மருதுபாண்டி விடவில்லை.

"அது அய்யா வயர்லெஸ் வச்ச சொவரு. அதுல டிரில்லு போடுறதும் அய்யா நெஞ்சுல போடுறதும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டார். அவர்களைப் பெற்ற அய்யா காலமாகிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது.

மருதுபாண்டி அந்தத் தெருவின் நலச் சங்கத் தலைவர். சங்கத்தில் பதினாறு உறுப்பினர்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் மைக்செட்காரர். இருந்தாலும் தலைவர் மைக்கைப் பிடித்தால் பதினாறாயிரம் பேர் எதிரில் இருப்பது மாதிரித்தான் பேசுவார். வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்பதென்றாலும் "நான் ஏற்கெனவே குறிப்பிட்டதைப் போல" என்று தொடங்கித்தான் கேட்பார்.

அப்பேர்ப்பட்ட அண்ணன்தான் இன்றைக்கு வீரலட்சுமிக்கு வேண்டியிருந்தது.

ஏனென்றால் இன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு முத்துராக்குவும் மாரீஸ்வரனும் அவளை அழைத்துப் போக வருகிறார்கள். முத்துராக்குவின் வாயை அடைக்கக் கூடிய வாய் இந்த வட்டாரத்திலேயே ஒன்றுதான் உண்டு. அது கீழே ஹாலில் இருக்கிறது.

இன்னொன்றும் இருந்தது. முத்துராக்கு மாடி ஏறிப் பார்க்காமல் போக மாட்டாள். பிரிக்காத டிவிப் பெட்டியைக் கண்டால், "அதான் மூட்ட கட்டித் தயாரா வச்சிருக்காள்ல, தூக்குங்கடா" என்பாள். டிவி சுவரில் ஓடிக்கொண்டிருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. சுவரில் டிவி மாட்டியவளை யாரும் விருந்தாளி என்று சொல்வதில்லை.

காலை ஒன்பது மணிக்குக் கேபிள் டிவி வாகீசன் வந்தான். இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவன். முப்பத்து மூன்று வயதாகிறது. பேச்சில் கொஞ்சம் அந்தக் கரையும் மீதி இந்தக் கரையுமாக இருக்கும்.

"துளை போடாம ஒரு வழி இருக்குமா தம்பி?" என்று கேட்டாள் வீரலட்சுமி.

"மேல போய்ப் பாத்தாத்தான் தெரியுங்க்கா."

மொட்டை மாடியில் மூலையில் நின்றது அய்யா வைத்த வயர்லெஸ். இருபத்தைந்தடி உயர இரும்புக் குழாய், அதன் தலையில் குறுக்கே ஒரு கம்பி. அந்தக் கம்பியில் முன்பு நிறைய அலுமினியக் குச்சிகள் இருந்திருக்க வேண்டும். உப்புக் காற்று தின்றது போக நாலைந்து மிஞ்சியிருந்தன. அதிலும் இரண்டு வளைந்து தொங்கின. காக்கைகள் உட்கார்ந்து எழுந்த அடையாளம் குழாய் நெடுக வெள்ளையாக வழிந்திருந்தது. குழாயின் இடுப்பில் துருப்பிடித்த ஒரு தகரப் பெட்டி. அதிலிருந்து கறுப்பாக ஒரு வயர் இறங்கி, தளத்தில் பதித்திருந்த வளைவுக் குழாய்க்குள் போய் மறைந்தது.

வாகீசன் கண்ணுக்கு மேலே கையை வைத்து நிமிர்ந்து பார்த்தான். இந்தப் பக்கம் நடந்து பார்த்தான். அந்தப் பக்கம் நடந்து பார்த்தான். பிறகு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சிரித்தான்.

"என்ன தம்பி?"

"இது என்னன்டு சொன்னீங்க?"

"வயர்லெஸ். எங்க அய்யா வச்சது. பொயல் வந்தா முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டு, கடலுக்குப் போறவகளுக்குத் தகவல் சொல்லுவாராம்."

"யாரு சொன்னது?"

"எங்கண்ணன்."

வாகீசன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "அக்கா, அந்தக் கடைசிக் குச்சியப் பாருங்க. அதுதான் நீளமானது. அதுக்கு முன்னாடி ஒண்ணு, ஊக்கு மாதிரி வளைஞ்சு ரெட்டையா இருக்குல்ல? அங்கனதான் வயர் சேருது. அதுக்கு முன்னால இருக்கிறதெல்லாம் கட்டை. போகப் போகக் கட்டை. இப்புடி இருந்தா அது டிவி ஆண்டெனா. பழைய கனெக்ஷன் எல்லாம் இதுதான். பாலத்துக்கு அங்கிட்டு தீவுலயும் இங்கனயுமா இதுமாதிரி ஒரு இருபது கழட்டி இரும்புக் கடைக்குப் போட்டுருக்கேன்."

"டிவி ஆண்டெனா இவ்வளவு ஒசரமாவா இருக்கும்?"

"அது எந்தப் பக்கம் பாக்குதுன்டு பாருங்க. மதுரப் பக்கமா பாக்குது? கடலப் பாக்குது. தென்கிழக்கே. நேரா போனா சிலோன் மல. அங்க உச்சியில இருந்து சிலோன் டிவி, ரூபவாஹினி வரும். அத இங்கன பிடிக்கத்தான் இவ்வளவு ஒசரம். அந்தத் தகரப் பெட்டி பூஸ்டரு."

வீரலட்சுமி தகரப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது பேசுற சாமான் இல்லக்கா. கேக்கிற சாமான். இத வச்சுக்கிட்டு ஒங்கய்யா பொயல் வருதுன்டு யாருக்கும் சொல்லியிருக்க ஏலாது. வேணும்னா கொழும்புல மழையான்னு பாத்திருக்கலாம்."

தெருவில் நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் இது தெரியாமல் இருக்க முடியாது என்பது அப்போதுதான் வீரலட்சுமிக்கு உறைத்தது. பிறகு ஏன் யாரும் வாயைத் திறக்கவில்லை? சுதந்திர தினத்துக்குச் சுதந்திர தினம் கொடி ஏற்றிவிட்டு அண்ணன் இந்தக் கம்பியைக் காட்டி முக்கால் மணி நேரம் பேசுகிறார். கடைசியில் மிட்டாய் கொடுக்கிறார். மிட்டாய் வாங்கிக்கொண்டு எவன் சொல்லுவான்?

அதைவிட அவசரமான விஷயம் ஒன்று உடனே நினைவுக்கு வந்தது. இன்று பதினோரு மணிக்கு அண்ணன் கவுன்சிலரை அழைத்துக்கொண்டு இதே மாடிக்கு வருகிறார். இந்தக் கம்பத்துக்குக் கீழே சங்கத்தின் சார்பில் கல்வெட்டு வைக்கப் போகிறார். கல்வெட்டு வாசகம் ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேஜையில் வாசிக்கப்பட்டு வந்தது. 'புயலின் சீற்றத்தை முன்னுணர்ந்து கடலோர மக்களின் இன்னுயிர் காத்த பெருந்தகை' என்று தொடங்கும்.

இந்த நேரத்தில் இது டிவி ஆண்டெனா என்று தெரிந்தால் அண்ணன் ஒடிந்து போவார். ஒடிந்து போன அண்ணனை வைத்துக்கொண்டு நாலு மணிக்கு முத்துராக்குவின் முன்னால் எப்படி நிற்பது?

"தம்பி, இந்தச் சேதி நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். நாலு மணி வரைக்கும் அது வயர்லெஸ்ஸாவே இருந்துட்டுப் போகட்டும்."

"ஓமக்கா. எனக்கென்ன" என்றான் வாகீசன். பிறகு வயரைக் கையில் பிடித்து உருட்டிப் பார்த்தான். "ஆனா ஒண்ணு. ஒங்களுக்கு நல்ல காலம். இது பட்டை வயர் இல்ல, உருட்டு வயர். உள்ள செம்பு இருந்துதுன்னா இதையே கேபிளுக்குப் பாவிக்கலாம். துளையே வேண்டாம். இது எங்கன போய் முடியுது?"

"தெரியலையே."

தகரப் பெட்டிக்குக் கீழே வயரை வெட்டினான். உள்ளே செம்பு கரியாகியிருந்தது. இன்னொரு சாண் வெட்டினான். பச்சை பூத்திருந்தது. ஒரு முழம் தள்ளி வெட்டியபோது நடுக்கம்பியும் அதைச் சுற்றிய வலையும் புதுக் காசு மாதிரி மின்னின.

"அந்தக் காலத்துச் சாமான்" என்றான் வாகீசன். கம்பியையும் வலையையும் சேர்த்து முறுக்கிவிட்டு, மீட்டரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

மாடி அறையில் வளைவுக் குழாய்க்கு நேர் கீழே சுவரைத் தட்டிக்கொண்டே வந்தான். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் சத்தம் மாறியது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினான். ஏழெட்டு வெள்ளையடிப்புக்கு அடியில் வட்டமான மரக்கட்டை ஒன்று இருந்தது. அதைப் பெயர்த்தால் உள்ளே சுருட்டி வைத்த வயரின் நுனி. நுனியைச் சீவி மீட்டரின் முனைகளை வைத்தான். மீட்டர் பீப் என்று கத்தியது.

"வந்துட்டு" என்றான்.

வீரலட்சுமிக்கு அந்தச் சத்தம் கோயில் மணி மாதிரி இருந்தது. இன்னும் ஒரு மணி நேர வேலைதான். தெருக் கம்பத்திலிருந்து கேபிளை மொட்டை மாடிக்கு இழுத்து இந்த வயரோடு சேர்த்துவிட்டால் போதும்.

அப்போதுதான் படியில் அண்ணன் குரல் கேட்டது. மணி பத்தேகால்கூட ஆகவில்லை. தலைவர்கள் மற்றவர்கள் முன்னேற்பாடு செய்வதற்கு முன்பே வந்துவிடுவார்கள்.

"பாத்து வாங்க கவுன்சிலரம்மா, படி செங்குத்து. நான் ஏற்கெனவே குறிப்பிட்டதைப் போல, அய்யா இதுல ராத்திரி பகல்னு பாக்காம ஏறி எறங்குவாரு."

வார்டு கவுன்சிலர் ஹமீதா பானு மூன்றாவது வீட்டுக்காரி. ஐம்பதை நெருங்குகிறவள். சிறுபிள்ளையில் இந்த வீட்டு முற்றத்தில் விளையாடியவள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே ஏறி வந்தாள். பின்னாலேயே மருதுபாண்டியின் மனைவி கனகலட்சுமி காப்பி டம்ளர்களோடு வந்தாள். வீரலட்சுமியும் வாகீசனும் அவர்களுக்குப் பின்னால் மேலே ஓடினார்கள்.

மருதுபாண்டி கம்பத்தின் பக்கத்தில் நின்று ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். போட்டோவுக்கு நிற்கிற நிலை. பிறகுதான் வெட்டுப்பட்ட வயர் அவர் கண்ணில் பட்டது.

"யாருலே இத வெட்டுனது?"

வாகீசன் கையில் இடுக்கி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் முழித்தான்.

"நான்தான்ண்ணே வெட்டச் சொன்னேன்" என்றாள் வீரலட்சுமி. "சொவத்துல துளை போட வேணாம்னீக. போடல. சும்மா கெடக்குற வயருதான, மேல ரூம்புக்கு டிவிக்கு…"

"டிவிக்கா? ஏத்தா, எத்தன உசுரக் காப்பாத்துன வயரு இது! இதுல நீ சீரியல் பாக்கப் போறியா?" அவர் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். "கவுன்சிலரம்மா, பாத்தீகளா? இதுக்குத்தான் கல்வெட்டு வேணுங்குறேன். வீட்டாளுகளுக்கே மதிப்பு தெரியல. இந்தாங்க, வாசகம். கீழ ஒங்க கையெழுத்துப் போட்டா நாளைக்கே கல்லு வெட்டக் குடுத்துருவேன்."

ஹமீதா பானு தாளை வாங்கி வாசித்தாள். 'பெருந்தகை' வரைக்கும் வாசித்துவிட்டு நிறுத்தினாள். தாளை மடித்தாள். மறுபடி விரித்தாள்.

"அண்ணே, நான் சொல்றத மனசுல வச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க, வார்த்தை ஏதும் மாத்தணுமா?"

"பூராவும் மாத்தணும்ண்ணே. இதுல நான் கையெழுத்துப் போட்டா எங்க உம்மா கபர்ல இருந்து எந்திரிச்சு வந்து என் காதத் திருகிரும்."

மருதுபாண்டிக்குப் புரியவில்லை. வீரலட்சுமிக்குப் புரிந்துவிட்டது. கண்ணைக் காட்டிப் பார்த்தாள். ஹமீதா பானு அவளைப் பார்க்கவில்லை.

"இது டிவி ஆண்டெனாண்ணே. ஒங்கள மதுர ஹாஸ்டல்ல ஆறாப்பு சேத்தாகல்ல, அதுக்கு அடுத்த மாசம் ஒங்கய்யா டிவிப் பெட்டி வாங்குனாரு. எனக்கு அப்ப எட்டு வயசு. தெருப் புள்ளைக பூரா இந்த மேல் ரூம்புலதான் கெடப்போம். சிங்களத்துல என்னமோ பேசுவாக, ஒரு எழவும் வெளங்காது. இருந்தாலும் பாப்போம்."

"அப்ப நான் லீவுக்கு வந்தப்ப பெட்டி எங்க போச்சு?" மருதுபாண்டி வக்கீல் மாதிரி மடக்கினார்.

"எங்க வீட்டுக்கு."

மருதுபாண்டி கம்பத்திலிருந்து கையை எடுத்தார்.

"ஒங்களுக்கு லீவு விட்டுட்டாகன்னு கடுதாசி வந்த உடனே, ஒங்கய்யாவும் எங்க வாப்பாவும் பெட்டியப் போர்வையில சுத்தித் தூக்கிட்டு வந்துருவாக. நீங்க திரும்ப பஸ் ஏறுற வரைக்கும் எங்க வீட்டு அரிசி மூட்டைக்கு மேலதான் இருக்கும். பெட்டி வாங்குறதுக்கு முன்னாடியே நீங்க ஹாஸ்டல்ல இருந்து ரெண்டு தடவ ஓடி வந்துட்டீகளாமே? வீட்டுல டிவி இருக்குன்னு தெரிஞ்சா பய அங்கன நிக்க மாட்டான், படிப்பு போயிரும்னு ஒங்கய்யாவுக்கு பயம். 'யாராச்சும் அவன்கிட்ட வாயத் தொறந்தீக, அப்புறம் எவனுக்கும் டிவி கெடையாது'ன்னு தெருப் புள்ளைகளக் கூப்புட்டுச் சொன்னாரு. நாங்க தொறப்பமா?"

"நான் கேட்டேனே, இது என்னன்னு" என்றார் மருதுபாண்டி. குரல் இறங்கியிருந்தது.

"என்ன சொன்னாரு?"

"வயர்லெஸ்ஸுன்னாரு. பொயலுக்குன்னாரு."

அதை நம்பிய பையன் ஹாஸ்டலில் போய் 'என் தந்தையும் புயலும்' என்று கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கினான். அடுத்த வருடம் அதையே பேச்சுப் போட்டியில் பேசினான். அங்கேயிருந்து தொடங்கியதுதான் மைக். மருதுபாண்டி பேசிய பேச்செல்லாம், ஏறிய மேடையெல்லாம், இந்தக் கம்பத்தில் கட்டித் தொங்கியவைதான்.

"பெறகு பெரியவனானப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க பன்னெண்டாவது முடிச்சு வாரதுக்குள்ள இடி எறங்கிப் பெட்டி கருகிருச்சு. இல்லாத பெட்டியப் பத்தி என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டாரு போல. நாங்களும் பாத்தோம். ஒவ்வொரு வருசமும் கொடியேத்திட்டு நீங்க பேசும்போது நெஞ்சு நெறைஞ்சு பேசுவீக. அதக் கெடுக்க மனசு வரல. ஆனா கல்லுல வெட்டுனா நாளைக்கு எம் பேரப்புள்ளையும் படிக்கும்ண்ணே."

ஹமீதா பானு தாளைக் கைப்பிடிச் சுவரில் வைத்து, பறக்காமல் இருக்கக் காப்பி டம்ளரை அதன் மேல் வைத்தாள். மருதுபாண்டி ஒன்றும் குறிப்பிடாமல் படி இறங்கிப் போனார்.

ஒரு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்றார். ஹாலில் பாய் விரித்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். டிவியில் யாரோ ஒரு அமைச்சர் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

அடுக்களையில் கனகலட்சுமி குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஏத்தா வீரா, இருபத்தஞ்சு வருசமா இந்த மனுசன் கொஞ்ச நேரம் வாய மூடாதான்னு வேண்டாத சாமியில்ல. ஏர்வாடி தர்காவுக்குக்கூட நேந்துக்கிட்டேன். இன்னைக்கு மூடிருச்சு. இன்னைக்குப் போயா மூடணும்?"

"நாலு மணிக்கு என்ன மதினி செய்யிறது?"

"நான் பேசுவேன். ஆனா முத்துராக்கு பொம்பள பேச்ச ஒரு பேச்சா எடுத்துக்க மாட்டா. அவ பொம்பளையா இருந்துக்கிட்டே."

வீரலட்சுமி ஹாலுக்குப் போனாள். அண்ணன் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேலைதான் பாதியில் நின்றது.

"அண்ணே, அந்த வயரு மேல ரூம்புக்குத்தான் வருது. வாகீசன் நிக்கிறான். குடுத்துக்கிரவா?"

மருதுபாண்டி விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "டிவி வயருதான. டிவிக்குக் குடுத்துக்க."

பிறகு அவராகவே கேட்டார். "நீ பாத்திருக்கியா, அய்யா டிவிய?"

"இடி எறங்குனப்ப எனக்கு நாலு வயசுண்ணே. நெனவு இல்ல."

"அந்த ஹமீதா பாத்திருக்கா" என்று சொல்லிவிட்டு அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மூன்றரை மணிக்கு மாடி அறைச் சுவரில் டிவி ஓடியது. முந்நூற்றுச் சொச்சம் சேனல். படம் பளிங்கு மாதிரி இருந்தது. நாற்பது வருடத்துச் செம்பு ஒன்றையும் மறக்கவில்லை என்று வாகீசன் தன் மீட்டரைத் தட்டிக்கொடுத்தான். வீரலட்சுமி அட்டைப் பெட்டியைக் கிழித்து, மடித்து, கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். எந்தச் சேனல் என்று பார்க்கவில்லை. ஓடினால் போதும்.

நாலு மணி என்றால் முத்துராக்குவுக்கு நாலு மணி. பெரிய உருவம், பெரிய பொட்டு. ஹாலில் நடுநாற்காலியைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தாள். மாரீஸ்வரன் வாசல்பக்க நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். கனகலட்சுமி காப்பி கொண்டுவந்தாள். மருதுபாண்டி எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் இன்னும் விசிறியில்தான் இருந்தது.

"பத்து நாள்னு வந்த புள்ள" என்று ஆரம்பித்தாள் முத்துராக்கு. "பொறந்த வீடுன்னா ஆசதான். இல்லைங்கல. ஆனா ஊரு ஒண்ணு இருக்குல்ல? எந் தம்பி ஒத்தையில கெடந்து கஞ்சி குடிக்கிறான். அவன் ஒரு சொல்லு கடிஞ்சு பேசியிருப்பானா?"

"ஒரு சொல்லும் பேசலங்க" என்றாள் வீரலட்சுமி.

"அதத்தான் நானும் சொல்றேன்! சரி, கெளம்பு. அஞ்சே காலு மதுர பஸ்ஸ விட்டா நின்னுக்கிட்டே போகணும்." அவள் தலையைத் தூக்கினாள். "மேல என்ன சத்தம்? யாரு பேசுறா?"

"டிவி."

"டிவி கீழயில்ல இருக்கு?"

"இது மேல. என்னோடது."

முத்துராக்கு மெதுவாகக் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். நாற்காலியை மருதுபாண்டிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீரலட்சுமியோடு பேச அவள் வரவில்லை என்பது தெரிந்தது. தலைவரோடு மோதத்தான் வந்திருந்தாள். அதற்கான தயாரிப்பு முகத்திலேயே இருந்தது. பெண்ணின் கடமை என்று அவர் தொடங்கினால் என்ன சொல்ல வேண்டும், ஊர் நியாயம் என்று இழுத்தால் எங்கே வெட்ட வேண்டும் என்று பரமக்குடியிலிருந்து பஸ்ஸில் வரும்போதே அடுக்கி வைத்திருப்பாள்.

"என்ன தலைவரே, பேசாம இருக்கீக? ஒங்க பேச்சக் கேக்கத்தான வந்துருக்கோம். புருசன் வீட்டுக்குப் போக வேண்டிய புள்ளைக்கு மாடியில தனி டிவி. இது எந்த ஊரு வழக்கம்? சொல்லுங்க, கேப்போம்."

கனகலட்சுமி அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டாள். வீரலட்சுமி அண்ணன் வாயையே பார்த்தாள். அண்ணன் தொண்டையைக் கனைத்தால் தேவலை. 'நான் ஏற்கெனவே' என்று ஒரு வார்த்தை வந்தால்கூடப் போதும்.

மருதுபாண்டி விசிறியை விட்டுவிட்டு முத்துராக்குவைப் பார்த்தார்.

"அது அவ ரூம்பு" என்றார்.

அவ்வளவுதான். முத்துராக்கு காத்திருந்தாள். இன்னும் வரும் என்று எல்லோருமே காத்திருந்தார்கள். வரவில்லை. மருதுபாண்டி காப்பியை எடுத்துக் குடித்தார்.

ஒரு மணி நேரப் பேச்சுக்கு முத்துராக்குவிடம் ஒரு மணி நேரப் பதில் இருந்தது. மூன்று வார்த்தைக்கு ஒன்றுமில்லை. "அப்படின்னா?" என்றாள். மருதுபாண்டி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படின்னா நாங்க ஆளுகளக் கூட்டிட்டுத்தான் வரணும்" என்றாள். மருதுபாண்டி தலையை ஆட்டினார். வருவதென்றால் வரட்டும் என்பது போலிருந்தது. இருபது வருடம் மைக்கில் கிடைக்காத மரியாதை அவருக்கு அந்த ஒரு ஆட்டலில் கிடைத்தது. அது அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

முத்துராக்கு பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வாடா போகலாம்."

வாசல்பக்க நாற்காலி காலியாக இருந்தது.

வீரலட்சுமிதான் முதலில் மாடிக்கு ஓடினாள். அறை வாசலில் அவனுடைய செருப்பு கிடந்தது. மாரீஸ்வரன் உள்ளே போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று டிவியைப் பார்த்தான். அதில் யாரோ ஒரு பெண் பலாக்கொட்டையில் அல்வா கிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவன் அறையைப் பார்த்தான். ஜன்னலோரம் ஒரே ஒரு நாற்காலி, கொடியில் கம்பெனிச் சீருடை, மேஜையில் அவள் சாப்பாட்டு டப்பா.

அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினான். அவள் உள்ளே போய் நின்றாள். அவன் நிலைக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"நீயே வாங்குனியா?" என்றான்.

"ஆமா."

கீழே முத்துராக்குவின் குரல் எழும்பியது. "மாரீசு! பஸ்ஸு வந்துரும்டா!"

மாரீஸ்வரன் தரையைப் பார்த்தபடி, உதடு அசைகிறதா இல்லையா என்று தெரியாமல் ஏதோ கேட்டான். உள்ளே வரலாமா என்றுதான் கேட்டான். வீரலட்சுமிக்கு நன்றாகவே கேட்டது. இருந்தாலும் அவள் ரிமோட்டை எடுத்து, டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள்.

"காதுல விழல. இன்னொரு தடவ சொல்லுங்க."

மாரீஸ்வரன் நிமிர்ந்தான். ஒருமுறை படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தான்.